பழைய கேம்... பழைய கடன்!

உங்க போன்ல இப்போ எத்தனை கேம் இருக்குனு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. அதுல எத்தனை கேம், உங்களுக்குக் கல்யாணமாகி, முன்நெற்றி ஏறி, பி.பி மாத்திரை போட ஆரம்பிச்ச பிறகும் இருக்கும்? சிரிக்காதீங்க பாஸ், சீரியஸாத்தான் கேட்கிறேன். எனக்கு அப்படி ஒண்ணு இருக்கு.

போன மாசம் சித்தப்பா பையன் வீட்டுக்கு வந்திருந்தான். இன்ஜினீயரிங் ரெண்டாவது வருஷம். சாப்பிட்டு முடிச்சு நான் போனை நோண்டிட்டு இருந்ததை எட்டிப் பார்த்தவன், "என்னண்ணே இது? அட்டைப் பெட்டியை வெட்டி ஒட்டின மாதிரி ஆளு, மொட்டை மொட்டையா மரம்... இதைப் போய் இன்னுமா ஆடுறீங்க? அப்படி என்னதான் இருக்கு இதுல?" என்றான்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வரலை. ஏன்னா, உண்மையான பதிலைச் சொல்லணும்னா நான் பண்ணின ஒரு திருட்டுத்தனத்தையும் சேர்த்துச் சொல்லணும். வீட்டுல அண்ணன்னு கொஞ்சம் மரியாதை இருக்கு, அதைக் கெடுத்துக்க மனசு வரலை. அவன்கிட்ட சொல்லாததை உங்ககிட்ட சொல்றேன். கேட்டுட்டு, அந்த கேமை இன்னமும் ஆடலாமா, வேண்டாமானு நீங்களே முடிவு பண்ணுங்க.

மணிக்கு 20 ரூபாய் உலகம்

கேம் பேரு 'ரூன்ஸ்கேப்'. இங்கிலாந்து சரக்கு. கேம்பிரிட்ஜ்ல படிச்ச ஆண்ட்ரூ கோவர், தன் சகோதரர் பாலைக் கூட சேர்த்துக்கிட்டு, பெற்றோர் வீட்டுல உட்கார்ந்தே உருவாக்கினது. 2001 ஜனவரி 4-ம் தேதி வெளியில விட்டாங்க. 'ஜாகெக்ஸ்'ங்கிற கம்பெனி அதுக்குப் பிறகு வளர்ந்தது.

அந்தக் காலத்துல பெரிய ஆன்லைன் கேம்னா சி.டி வாங்கணும், மாசச் சந்தா கட்டணும், கிராபிக்ஸ் கார்டு போடணும். இதுக்கு அந்தத் தொல்லை எதுவும் கிடையாது. பிரவுசர்ல ஜாவா ஓடினா போதும். பேரையும் பாஸ்வேர்டையும் அடிச்சா, ஊர் உலகத்துப் பசங்களோட நீங்களும் உள்ளே! திருச்சியில எங்க தெருமுனையில ஒரு பிரவுசிங் சென்டர். பிளைவுட் தடுப்பு வெச்ச கேபின், காத்து வராத மூலை, மணிக்கு 20 ரூபாய். அங்கே இருந்த கம்ப்யூட்டர்ல எதையும் இன்ஸ்டால் பண்ணக் கூடாதுனு போர்டே வெச்சிருப்பாங்க. அதனால எங்களுக்கு வாய்ச்ச ஒரே ஆன்லைன் உலகம் இதுதான்.

எங்களுக்குன்னா, எனக்கும் என் நண்பனுக்கும். ஒரே தெரு, ஒரே காலேஜ், ஒரே டவுன் பஸ். பேர் வேண்டாம், அவன் இப்போ ரெண்டு குழந்தைக்கு அப்பா.

கேம்ல என்ன பண்ணணும்? மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம், பாறை உடைக்கலாம், சமைக்கலாம், சண்டை போடலாம். எந்த வேலையைச் செஞ்சாலும் புள்ளி சேரும், லெவல் ஏறும். ஒவ்வொரு வேலைக்கும் 1-ல இருந்து 99 வரை லெவல். 99-ஐத் தொட 1,30,34,431 புள்ளி வேணும். இதுல ஒரு ஆப்பு என்னன்னா, லெவல் 92-க்கு வந்தாதான் நீங்க பாதி வழிக்கு வந்திருக்கீங்க! மிச்சம் ஏழே ஏழு லெவல்ல இன்னொரு பாதி ஒளிஞ்சிருக்கு. கடைசி அரியர் எழுதினவங்களுக்கு இந்தக் கணக்கு சட்டுனு புரியும்.

எங்க ரெண்டு பேர் குணமும் அதுல பளிச்னு தெரியும். அவன் பொறுமைசாலி. ட்ரேனார்னு ஒரு கிராமம். அங்கே பேங்க் பக்கத்துலயே வில்லோ மரங்கள் இருக்கும். அங்கே போய் நின்னான்னா நகர மாட்டான். பையில 28 பொருள்தான் பிடிக்கும். நிறைஞ்சதும் பேங்க்ல போடுவான், திரும்ப வந்து வெட்டுவான். நான் அவசரக்குடுக்கை. மாட்டை அடிப்பேன், கோப்ளினை அடிப்பேன், பாதியில விட்டுட்டு இன்னொரு ஊருக்கு ஓடுவேன். பையில நாலு காசு நிக்காது.

'பதிலுக்கு: ஒண்ணுமே இல்லை'

2007 ஆயுத பூஜை லீவு. நான் 'ட்ராகன் ஸ்லேயர்' பண்றதா முடிவெடுத்தேன். காசு கட்டாம ஆடுற பசங்களுக்கு அதுதான் பப்ளிக் எக்ஸாம். 32 குவெஸ்ட் பாயின்ட் சேர்த்தாதான் ஆரம்பிக்கவே விடுவாங்க. மூணு துண்டா சிதறிக் கிடக்கிற வரைபடத்தைத் தேடி ஒண்ணு சேர்க்கணும், ஒரு ஓட்டைக் கப்பலை வாங்கிச் சரி பண்ணணும், கிராண்டோர்ங்கிற தீவுக்குப் போகணும், அங்கே எல்வார்க்ங்கிற டிராகனைக் கொல்லணும். நெருப்பைத் தாங்க ஒரு கேடயம் கிடைக்கும். மத்த கவசமெல்லாம் உங்க சொந்தப் பொறுப்பு.

என்கிட்ட இருந்ததை வெச்சு டிராகன் பல்லு இடுக்குலகூட மாட்ட முடியாது. அவன்கிட்ட ரூன் செட் இருந்தது. தலைக்கவசம், வலைக்கவசம், கால் கவசம், வளைஞ்ச வாள்னு நாலு பொருள். ஓசியில ஆடுறவங்களுக்கு ரூன்தான் உச்சம். மாசக்கணக்குல மரம் வெட்டி வித்து சேர்த்தது. நான் கேட்கவே இல்லை. அவனாவே, "எடுத்துட்டுப் போய் டிராகனை முடிச்சுட்டு வா மாப்ள. நாளைக்குத் தந்தா போதும்" என்றான்.

ரெண்டு பேரும் எதிரெதிர்ல நின்னு பொருளை மாத்திக்கிறதுக்கு அதுல ஒரு ட்ரேட் பெட்டி உண்டு. அவன் பக்கம் நாலு பொருள். என் பக்கம் காலி. ரெண்டாவது திரையில கேம் அவனை எச்சரிக்கும், 'பதிலுக்கு உனக்குக் கிடைப்பது: ஒண்ணுமே இல்லை'ங்கிற அர்த்தத்துல. அதைப் பார்த்துட்டும் 'சரி'யை அழுத்தினான்.

அடுத்த நாள் டிராகன் செத்துது. நானே ஆச்சர்யப்பட்டேன். இன்னும் அரை மணி நேரத்துக்குக் காசு கட்டியிருந்தேன். கவசம் உடம்புல மின்னுது. ஒழுங்கா லாக் அவுட் பண்ணிட்டு வந்திருக்கலாம். நான் வடக்கே நடந்தேன்.

வடக்கே இருக்கிறது 'வில்டர்னஸ்'. ஒரு பள்ளத்தைத் தாண்டினா அந்தப் பக்கம் யாரு வேணும்னாலும் யாரை வேணும்னாலும் அடிக்கலாம், செத்தவன் பொருளை எடுத்துக்கலாம். சாதாரணமா செத்தா, இருக்கிறதுல விலை உசந்த மூணு பொருள் உங்ககிட்டயே நிக்கும். ஆனா, சும்மா போறவனை நீங்களா வம்புக்கு இழுத்து முதல் அடி அடிச்சா, உங்க தலைக்கு மேல ஒரு மண்டை ஓடு வந்துடும். மண்டை ஓட்டோட செத்தா ஒரு பொருள்கூட மிஞ்சாது. இந்த விதியை ஞாபகத்துல வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

நீல அங்கி போட்ட ஒரு சின்னப் பையன் தனியா நின்னுட்டு இருந்தான். அவன்மேல பாய்ஞ்சேன். மண்டை ஓடு வந்துது. ரெண்டு அடி கொடுத்தேன். மூணாவது அடி அடிக்கிறதுக்குள்ள மரத்துக்குப் பின்னாடியிருந்து அவன் கூட்டாளிங்க நாலு பேர் வந்தாங்க. அரை நிமிஷம் தாங்கியிருப்பேனா, தெரியலை. கண்ணைத் திறந்தா லம்பிரிட்ஜ் கோட்டையில வெறும் சட்டையோட நிக்கிறேன். நாலு பொருளும் போச்சு.

மறுநாள் காலையில பஸ் ஸ்டாப்ல அவன்கிட்ட சொன்னேன். "ஸாரி மாப்ள. டிராகனை அடிச்சுட்டு இருக்கும்போது கரன்ட் போயிடுச்சு. திரும்ப வந்து பார்த்தா செத்துக் கிடக்கிறேன்."

"நாலுமா போச்சு?" என்றான்.

"நாலும்."

கொஞ்ச நேரம் பஸ் வர்ற திசையையே பார்த்துட்டு இருந்தான். அப்புறம், "சரி விடு, கேம்தானே" என்றான். அவன் திட்டியிருந்தா நான் நிம்மதியா தூங்கியிருப்பேன்.

2,555 வில்லோ மரக்கட்டை

வாழ்க்கையில முதல் தடவையா நான் பொறுமையா ஒரு வேலை பார்த்தது அந்த ரெண்டரை மாசத்துலதான். காசு பார்க்கணும்னா 'யூ' மரம் வெட்டணும். அதுக்கு மரம் வெட்டுறதுல லெவல் 60 வேணும். எனக்கு 50. ஒரு வில்லோ கட்டைக்கு 67.5 புள்ளி. 50-ல இருந்து 60-க்குப் போக 2,555 கட்டை. பை நிறைய நிறைய பேங்க்ல போட்டுட்டு, அவன் நிக்கிற அதே ட்ரேனார்ல, அவன் இல்லாத நேரமாப் பார்த்து வெட்டினேன். அப்புறம் வாராக் அரண்மனைக்குப் பின்னாடி இருக்கிற யூ மரங்கள். பாக்கெட் மணி மொத்தமும் பிரவுசிங் சென்டர் கல்லாவுக்குப் போச்சு. டீ, பஜ்ஜி கட். பஸ்சுக்குப் பதிலா நடை.

பொங்கல் லீவுக்குள்ள காசு சேர்ந்துடுச்சு. 2007 நவம்பர் கடைசியிலதான் 'கிராண்ட் எக்ஸ்சேஞ்ச்'னு ஒரு சந்தையைக் கேம்ல திறந்திருந்தாங்க. அங்கே போய் அதே நாலு பொருளையும் வாங்கினேன். அவனை வரச் சொன்னேன். எதிரெதிர்ல நின்னோம். பெட்டியில நாலையும் வெச்சேன். கேம் விடலை!

என்ன நடந்திருந்ததுன்னா, அந்த நேரத்துல ரூன்ஸ்கேப் தங்கத்தை நிஜக் காசுக்கு விக்கிற கும்பல் பெருகியிருந்தது. திருட்டு கிரெடிட் கார்டுல சந்தா கட்டி, ஆளில்லாம ஓடுற புரோகிராமை வெச்சுத் தங்கம் சேர்த்து வித்தாங்க. கார்டுக்குச் சொந்தக்காரங்க புகார் பண்ணினா, நஷ்டம் கம்பெனி தலையில. அதனால 2007 டிசம்பர் 10-ம் தேதி வில்டர்னஸ் சண்டையை நிறுத்தினாங்க. 2008 ஜனவரி தொடக்கத்துல, ரெண்டு பக்கமும் வைக்கிற பொருளோட மதிப்புல பெரிய வித்தியாசம் இருந்தா ட்ரேட் நடக்காதுனு பூட்டு போட்டாங்க. தங்கம் விக்கிறவன் பொருளைச் சும்மா கைமாத்த முடியாது இல்லையா, அதுக்குத்தான். அவங்களைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா, கடைக்காரனுக்குப் போட்ட பூட்டு கடன்காரனுக்கும் சேர்த்து விழுந்துடுச்சு. அந்த உலகத்துல யாரும் யாருக்கும் எதையும் சும்மா கொடுக்க முடியாது, கொடுத்ததைத் திருப்பித் தரவும் முடியாது.

"என்னடா இது?"னு அடிச்சான்.

"உன்னோடதுதான். வாங்கித் தந்துடலாம்னு..."

"பரவால்ல, நீயே வெச்சுக்கோ" என்றான்.

அந்த இடத்துல நான் ஒண்ணு பண்ணியிருக்கலாம். கரன்ட் போகலை, வில்டர்னஸ்ல தொலைச்சேன்னு ரெண்டு வரி அடிச்சிருக்கலாம். பொருளுக்குத்தான் பூட்டு, உண்மையைச் சொல்ல யாரும் பூட்டு போடலை. நான் அடிக்கலை. அந்த வருஷம் புராஜெக்ட், கேம்பஸ் இன்டர்வியூனு ஓடிடுச்சு. அவன் ஓசூர், நான் சென்னை. கேமை ரெண்டு பேரும் மறந்தோம். பண்டிகைக்கு 'ஹேப்பி தீபாவளி' அனுப்புற நட்பா சுருங்கிடுச்சு.

காலத்தைத் திருப்பினவங்க

இதுக்கு அப்புறம் அந்தக் கேமுக்கு நடந்ததுதான் சுவாரஸ்யம். ஆடுறவங்க விடாம சண்டை போட்டதுல, கம்பெனி ஓட்டெடுப்பு வெச்சு, 2011 பிப்ரவரி 1-ம் தேதி பூட்டைத் திறந்தது. 2012 நவம்பர்ல சண்டை போடுற முறையையே தலைகீழா மாத்தினாங்க. பழைய ஆளுங்களுக்குப் பிடிக்கலை, கொத்துக் கொத்தா கிளம்பினாங்க. அப்போ ஜாகெக்ஸ்காரங்க கிடங்கைத் துழாவினப்ப, 2007 ஆகஸ்ட் மாச கேமோட முழுப் பிரதி ஒண்ணு கிடைச்சது. 'இது வேணுமா?'னு கேட்டாங்க. சுமார் நாலரை லட்சம் ஓட்டு விழுந்தது. 2013 பிப்ரவரி 22-ம் தேதி அந்தப் பழைய கேமையே தூசி தட்டி, 'ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்'னு தனியா திறந்தாங்க. புதுசும் ஒரு பக்கம் ஓடுது, பழசும் ஒரு பக்கம் ஓடுது.

தேதியைக் கவனிச்சீங்களா? 2007 ஆகஸ்ட். நான் கவசத்தைத் தொலைச்சது அக்டோபர். என் தப்புக்கு ரெண்டு மாசம் முன்னாடிக்கு அந்த உலகத்தைத் திருப்பி வெச்சிருக்காங்க! ஆனா, பழைய அக்கவுன்ட்டுல இருந்த லெவல், பொருள் எதுவும் இதுக்கு வராது. அத்தனை பேரும் லெவல் 3-ல இருந்து ஆரம்பிக்கணும். ஊர் அப்படியே இருக்கு, மரம் அப்படியே இருக்கு, நாம சேர்த்தது மட்டும் இல்லை.

2018 அக்டோபர் 30-ம் தேதி அது செல்போனுக்கு வந்தது. ஆபீஸ் பஸ்ல டவுன்லோடு பண்ணினேன். கால் எங்கே போச்சுனு நினைக்கிறீங்க? நேரா ட்ரேனார். ஒண்ணரை வருஷம் அப்பப்ப வெட்டி, ரூன் செட் நாலையும் வாங்கி பேங்க்ல வெச்சேன். ஏன் வாங்கினேன்னு அப்போ கேட்டிருந்தா, சும்மாதான்னு சொல்லியிருப்பேன்.

2020 ஏப்ரல். ஊரடங்கு. நாலு சுவர் நடுவுல உட்கார்ந்தா பழசெல்லாம் வந்து பக்கத்துல உட்கார்ந்துக்குமே, அந்த நாள்கள்ல ஒண்ணு. அவனுக்குப் போன் போட்டேன். குழந்தை, வேலை, மாஸ்க்னு பேசி முடிச்சதும், "மாப்ள, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த ரூன் செட்..."னு ஆரம்பிச்சேன்.

"வில்டர்னஸ்லதானே தொலைச்சே?" என்றான்.

எனக்கு மூச்சே நின்னுடுச்சு.

"டேய், கரன்ட் போய் செத்திருந்தா மூணு பொருள் உன்கிட்ட நின்னிருக்கும். நாலும் போச்சுன்னா தலையில மண்டை ஓடு இருந்திருக்கு. அப்புறம் இன்னொண்ணு. அன்னிக்கு எங்க வீட்டுல சாயங்காலம் முழுக்க டி.வி ஓடிட்டு இருந்துச்சு. நாம ரெண்டு பேரும் ஒரே தெருடா."

"அப்பவே ஏன் கேட்கலை?"

"நீயா சொல்லுவேனு பார்த்தேன்" என்றான். பன்னிரண்டரை வருஷம் பார்த்திருக்கான். மரம் வெட்டுறவன் பொறுமை அது.

சரி, ஆடலாமா வேண்டாமா?

வர்றேன். முதல்ல எச்சரிக்கை. இளமைக் காலம் திரும்பக் கிடைக்கும்னு நம்பி உள்ளே போகாதீங்க. கிடைக்காது. 2007-ல வாராக் பேங்க் வாசல்ல காய்கறி மார்க்கெட் மாதிரி கூவிக் கூவி விப்பாங்க. பொருள் வாங்குறதைவிட அங்கே நடக்கிற வாய்ச்சண்டைதான் பொழுதுபோக்கு. திரும்ப வந்த பழைய கேம்ல கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் முதல்ல கிடையாது. ஆடுறவங்களே ஓட்டுப் போட்டு 2015-ல அதைக் கொண்டு வந்துட்டாங்க. வசதிதான். ஆனா, கூவல் போச்சு. அன்னிக்கு நாங்க தட்டித் தடுமாறிக் கண்டுபிடிச்ச ஒவ்வொண்ணுக்கும் இன்னிக்கு மணிக்கு எத்தனை புள்ளினு கணக்குப் போட்டு வெச்சிருக்காங்க. அதைப் படிச்சுட்டு ஆடினா, கேம் ஆடுற மாதிரி இருக்காது, ஷிஃப்ட் பார்க்கிற மாதிரி இருக்கும்.

ரெண்டாவது, நேரம். இது நேரத்தைத் தின்னுற பூதம். 99-க்கு எத்தனை புள்ளினு மேலேயே சொல்லிட்டேன். செமஸ்டர் நேரத்துல தொடாதீங்க. 'உன் காசை ரெட்டிப்பாக்கித் தர்றேன்'னு சொல்றவன் அன்னிக்கும் இருந்தான், இன்னிக்கும் இருக்கான், நம்பாதீங்க. தங்கத்தை நிஜக் காசுக்கு விக்கிறவங்களும் ஒழியலை. ஆனா, அதுலயும் ஒரு மறுபக்கம் பார்த்தேன். 2017-ஐ ஒட்டி வெனிசுலாவுல பணத்துக்கு மதிப்பே இல்லாம போனப்போ, அந்த ஊர் ஜனங்க பலபேர் இந்தக் கேம்ல பச்சை டிராகனைக் கொன்னு, தங்கம் சேர்த்து, வித்து அரிசி பருப்பு வாங்கியிருக்காங்க. கேம் விதிப்படி அது குத்தம். ஆனா, நாம 'சும்மா கேம்தானே'னு சொல்ற இடத்துல ஒருத்தன் வீட்டு அடுப்பு எரிஞ்சிருக்கு.

இவ்வளவு சொல்லிட்டும், ஆடலாம்னுதான் சொல்வேன். கிராபிக்ஸுக்காக இல்லை, அதுல சித்தப்பா பையன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஒரு தட்டு தட்டினா ஆளு நடப்பான், இன்னொரு தட்டுக்கு வெட்டுவான், 0.6 செகண்டுக்கு ஒரு தடவைதான் அந்த உலகமே அசையும். போன்லயும் கம்ப்யூட்டர்லயும் ஒரே அக்கவுன்ட், காசு கட்டாமலே 15 வேலை வரைக்கும் கத்துக்கலாம். இதுவும் நல்ல விஷயம்தான், ஆனா காரணம் இது இல்லை.

ஆடுறவங்க பேச்சுக்கு அங்கே மதிப்பு இருக்கு. பெருசா எதையாவது சேர்க்கணும்னா ஓட்டெடுப்பு. ரொம்ப நாள் 75 சதவீதம் பேர் சம்மதிச்சாதான் கேமுக்குள்ள வரும். 2022-ல அதை 70 சதவீதம் ஆக்கினாங்க. இத்தனை வருஷத்துல முதல் தடவையா ஒரு புது வேலை, கப்பல் ஓட்டுறது, ஓட்டுல ஜெயிச்சு 2025 நவம்பர்லதான் வந்திருக்கு. பழசுதான், ஆனா செத்துப்போன பழசு இல்லை.

எனக்கு முக்கியமான காரணம் வேற. இன்னிக்கு வர்ற நிறைய கேம்ல நீங்க ஜெயிச்ச வாள் உங்க அக்கவுன்ட்டோட ஒட்டிக்கும். நண்பனுக்குக் கடன் கொடுக்க முடியாது. அதனால ஏமாறவும் முடியாது, ரொம்பப் பாதுகாப்பு. இந்தக் கிழட்டு கேம்ல நாலு மாசம் உழைச்ச பொருளைத் தூக்கி ஒருத்தன் கையில கொடுக்கலாம், 'பதிலுக்கு ஒண்ணுமே இல்லை'னு திரையில வந்த பிறகும். அவன் தொலைக்கலாம், பொய் சொல்லலாம். திருப்பியும் தரலாம். இதெல்லாம் நடக்கிறதுக்கு இடம் இருந்ததாலதான், என் நண்பன் யாருன்னும் நான் யாருன்னும் எனக்குத் தெரிஞ்சது.

கடன் அடைஞ்சதானு கேட்கிறீங்களா? அந்தப் போனுக்கு மறுநாளே அவனும் இன்ஸ்டால் பண்ணினான். புது இலவச அக்கவுன்ட்டுக்கு ஆரம்பத்துல ட்ரேட் பண்றதுல சில கட்டுப்பாடு வெச்சிருக்காங்க. அதெல்லாம் தாண்டி வர அவனுக்குச் சில வாரம் ஆச்சு. ட்ரேனார்ல எதிரெதிர்ல நின்னோம். என் பக்கம் நாலு பொருள், அவன் பக்கம் காலி. கேம் என்னை எச்சரிச்சுது. 'சரி'யை அழுத்தினேன்.

"போட்டுக் காட்டுடா" என்றேன்.

"போட முடியாது மாப்ள. ரூன் கவசம் போட டிஃபென்ஸ் 40 வேணும். எனக்கு 18."

இன்னிக்கு வரைக்கும் அவன் அதைப் போடலை. சண்டை போட்டாதான் டிஃபென்ஸ் ஏறும். அவன் பசங்களைத் தூங்க வெச்சுட்டு, மாசத்துல ரெண்டு மூணு ராத்திரி வருவான். வந்ததும் நேரா மரத்துக்கிட்ட போயிடுவான். கவசம் அவன் பேங்க்ல பத்திரமா இருக்கு. "என்ன அவசரம்?"னு கேட்கிறான்.

அதனால மக்களே, ஆடுங்க. தனியா போகாதீங்க, ஒரு நண்பனைக் கூட்டிட்டுப் போங்க. அவன்கிட்ட ஏதாவது கடன் வாங்குங்க, ஒழுங்கா திருப்பிக் கொடுங்க. தொலைச்சா அன்னிக்கே சொல்லிடுங்க. ட்ரேனார் பக்கம் போனீங்கன்னா, வில்லோ மரத்தடியில ஓரமா ஒருத்தன் யார்கிட்டயும் பேசாம வெட்டிட்டு இருப்பான். அவனைத் தொந்தரவு பண்ணாதீங்க. அவன் என் ஃப்ரெண்டா இருக்கலாம்!